கன்னியாகுமரியில் கல்யாணம்: வரும் விருந்தாளிகளுக்கு என்ன காட்டுவது, என்ன விளம்புவது (பரிமாறுவது)?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா கேட்டிருக்கிறார். தை மாதக் கடைசியில் மகளுக்குக் கன்னியாகுமரியில் கடலோர விடுதி ஒன்றில் கல்யாணம். எண்பது பேர் மூன்று நாள் தங்குகிறார்கள். முதல் இரண்டு நாள் சும்மாதான் இருப்பார்கள், மூன்றாம் நாள் காலையில் முகூர்த்தம். பாதிப் பேர் கொங்கு நாட்டுச் சொந்தங்கள், மாப்பிள்ளையின் புனே நண்பர்கள் கொஞ்சம் பேர், எழுபது தாண்டிய பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், குழந்தைகளும் உண்டு. இவர்களை எங்கே அழைத்துப்போவது, என்ன சாப்பிட வைப்பது, விடுதிக்காரர்கள் கொடுத்த வட இந்திய பஃபே பட்டியலையே வைத்துக்கொள்ளலாமா என்பது கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். வேண்டாம். இவ்வளவு தூரம் வருகிற எண்பது பேருக்குப் பன்னீர் பட்டர் மசாலாவைக் கொடுத்து அனுப்பினால், இந்த மாவட்டத்துக்கு அவர்கள் வந்ததாகவே ஆகாது. எங்கள் ஊரில் பார்க்கவேண்டிய முதல் காட்சி கல்யாணப் பந்தி. கடலும் பாறையும் அதற்கு அப்புறம்தான். நான் நாகர்கோவில்காரன். சொந்தத்தில் கல்யாணம் என்றால் வெளியூர் ஆட்களை அழைத்துக்கொண்டு சுற்றிக்காட்டும் பொறுப்பு இருபது வருடமாக என்னிடம்தான் வருகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதம் அருமையான மாதம். ஐயப்ப பக்தர்களின் கூட்டம் மகரவிளக்கோடு குறைந்துவிடும், பொங்கல் விடுமுறைக் கூட்டமும் போயிருக்கும். மழை ஓய்ந்து மலையெல்லாம் பச்சையாக நிற்கும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: கன்னியாகுமரியில் சூரியன் கடலில் மறைவதை ஆண்டு முழுக்கப் பார்க்க முடியாது. ஐப்பசி முதல் மாசி வரைதான் அது தென்மேற்கே கடலுக்குள் இறங்கும். கோடைக்காலத்தில் வடமேற்கே நகர்ந்து கரைக்குப் பின்னால் போய்விடும். மே மாதக் கல்யாணத்துக்கு வந்து ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தை மாதத்தில் உங்களுக்கு உதயம், அஸ்தமனம் இரண்டும் கடலிலேயே கிடைக்கும். உதயம் ஆறே முக்காலை ஒட்டி வரும். ஆகவே குழந்தைகளை நாலரை மணிக்கு எழுப்ப வேண்டியதில்லை, ஆறேகாலுக்குக் கடற்கரையில் நின்றால் போதும்.

ஒரு நாளைக்கு இரண்டு இடம், அதற்கு மேல் வேண்டாம். வரைபடத்தில் பார்த்தால் சின்ன மாவட்டம், எல்லாம் இருபது முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் வீடுகளும் கடைகளும் தெருவோடு ஒட்டி நிற்கிற ஊர்கள் ஒன்றை அடுத்து ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் போனால் முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிவிடும். ஐந்து இடங்களைப் பட்டியலில் எழுதி, பஸ்ஸிலேயே நாளைக் கழித்து, மாலை வரவேற்புக்குச் சோர்ந்த முகத்தோடு வந்து நிற்பதுதான் பல கல்யாணங்களில் நடக்கிறது.

முதல் நாள் வந்து இறங்குகிறவர்கள் குளித்துவிட்டு ஓய்வெடுக்கட்டும். மாலையில் முக்கடல் கூடும் இடத்துக்கு நடந்தே அழைத்துப்போங்கள். குமரியம்மன் கோயில் கதையை அங்கே வைத்துச் சொல்லுங்கள், ஏனென்றால் அது ஒரு கல்யாணக் கதை. கன்னியாகிய தேவிக்கும் சுசீந்திரத்து ஈசனுக்கும் நள்ளிரவில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். தேவி கன்னியாகவே இருந்தால்தான் பாணாசுரனை அழிக்க முடியும் என்பதால், நாரதர் சேவலாகக் கூவினார். பொழுது விடிந்துவிட்டது என்று நினைத்து, மாப்பிள்ளை வழுக்கம்பாறையோடு திரும்பிவிட்டார். சமைக்க வைத்திருந்த அரிசியும் பருப்பும் அப்படியே மணலாகிப் போயின. இன்றும் கரையில் அரிசி போல, சிறுபயறு போல நிறம் நிறமாக மணல் கிடக்கிறது என்பார்கள். கையில் அள்ளிப் பார்த்தால் தெரியும், சிவப்பாக மின்னுவது கார்னெட், கருப்பாகக் கனமாக இருப்பது இல்மனைட். குழந்தைகளுக்கு இரண்டையும் சொல்லுங்கள், கதையையும் கனிமத்தையும்.

கல்யாணத்துக்கு வந்த இடத்தில் நின்றுபோன கல்யாணத்தைப் பற்றிப் பேசலாமா என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்காகத்தான் குமாரகோவில் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் போகும் படகை இரண்டாம் நாள் காலையில் வையுங்கள், எட்டு மணி முதல் படகுக்கே போய்விடுவது நல்லது. பத்து மணிக்கு மேல் போனால் வரிசையிலேயே நேரம் போய்விடும். கடல் கொந்தளித்தாலோ நீர்மட்டம் தாழ்ந்தாலோ படகை நிறுத்திவிடுவார்கள் என்பதையும் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறை அது. மண்டபம் 1970-இல் திறக்கப்பட்டது. பக்கத்துப் பாறையில் வள்ளுவர் 2000 ஜனவரி 1 முதல் நிற்கிறார். சிலையின் அளவிலேயே குறள் இருப்பதைப் புனே நண்பர்களுக்கு விளக்குங்கள்: பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரம். மேலே நிற்கும் சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்து 95 அதிகாரம். மொத்தம் 133. கணபதி ஸ்தபதி செய்தது. தமிழ் தெரியாதவர்களும் இந்தக் கணக்கைக் கேட்டதும் மேலே நிமிர்ந்து மறுபடி ஒருமுறை பார்ப்பார்கள். 2024 டிசம்பர் முதல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் இருக்கிறது. முன்பு இரண்டுக்கும் தனித்தனியாகப் படகேற வேண்டியிருந்தது, இப்போது நடந்தே போய்விடலாம். வயதானவர்களுக்கு இது பெரிய உதவி.

இனி என் மனதுக்கு நெருக்கமான விஷயம். முதல் நாள் அதிகாலையிலேயே வந்துசேர்கிறவர்களையோ, இரண்டாம் நாள் விடிகாலையில் எழ மனமுள்ள பத்துப் பேரையோ தோவாளைக்கு அனுப்புங்கள். பூச்சந்தை விடிவதற்கு முன்பே களைகட்டிவிடும். நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழி போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். இந்த ஊர்ப் பூதான் கேரளத்து ஓணத்துக்கும் போகிறது. பிச்சியும் மல்லியும் குவித்துவைத்திருக்கும் இடத்தில் நின்றால், வெளியே வந்து வெகுநேரம் ஆனபிறகும் சட்டையில் வாசம் இருக்கும். சம்பங்கி, அரளி, கிரேந்தி, கோழிக்கொண்டை, வாடாமல்லி, கொழுந்து, துளசி என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். விலை பேசுகிற சத்தத்துக்கு நடுவே ஓரமாக உட்கார்ந்து சிலர் மாலை கட்டிக்கொண்டிருப்பார்கள். அங்கே நின்று பாருங்கள்.

தோவாளை மாணிக்கமாலை என்று ஒன்று இருக்கிறது. புவிசார் குறியீடு பெற்றது. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, நொச்சியிலை, இவ்வளவுதான் பொருள். பூவை விரல் நுனியால் மடக்கி, இலையையும் அதே அளவுக்கு மடக்கி, ஒன்றோடொன்று நெருக்கமாக அடுக்கி அடுக்கிக் கட்டுவார்கள். முடித்தபின் அதில் பூவின் வடிவமே தெரியாது. பட்டையாக, வழவழப்பாக, சிவப்புக் கல்லை வரிசையாகப் பதித்ததுபோல இருக்கும். நடுவில் நொச்சியின் பச்சையும் வெள்ளையும் கோலம்போல ஓடும். ஒரு முழம் கட்டுவதற்குள் எத்தனை மடிப்பு என்று எண்ணத் தொடங்கி நான் பாதியிலேயே விட்டுவிட்டேன், கை அத்தனை வேகம். உங்கள் மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் மாலை மாற்றுவதற்கு இந்த மாலையை இங்கேயே சொல்லிவையுங்கள். பெங்களூரிலிருந்து ரோஜா மாலை வரவழைக்க வேண்டாம். முந்தின நாள் கட்டப்படுவதைப் பார்த்த விருந்தாளி, மறுநாள் மணவறையில் அதே வகை மாலையைப் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்.

தோவாளை போய்விட்டுத் திரும்பும் வழியில் சுசீந்திரம். தாணு, மால், அயன், அதாவது சிவன், திருமால், பிரம்மா மூவரும் ஒரே மூலவராக இருக்கிற கோயில். மிக உயரமான ஆஞ்சநேயர், ஒற்றைக் கல்லில் செதுக்கிய இசைத் தூண்கள் என்று பார்க்க நிறைய இருக்கிறது. தூண்களைத் தட்டிப் பார்க்க வேண்டாம் என்று இளைஞர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். குமரியம்மன் கோயிலிலும் திருவட்டாற்றிலும் இதே முறைதான். வடக்கிலிருந்து வருகிறவர்கள் வாசலில் வந்து தயங்கி நிற்பார்கள், ஆளுக்கொரு துண்டு பையில் இருந்தால் சங்கடம் இல்லை. உச்சிவேளையில் நடை அடைத்தால் மாலையில்தான் திறப்பார்கள். சுசீந்திரத்தை ஒட்டியும் தேரூரிலும் உள்ள குளங்களில் இந்த மாதம் வெளிநாட்டுப் பறவைகள் இருக்கும். 2022-இல் ராம்சர் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் சேர்ந்த நீர்நிலை அது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊரும் தேரூர்தான். வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள், போதும்.

இரண்டாம் நாள் மதியத்துக்குப் பத்மநாபபுரம் அரண்மனை. இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். தக்கலைக்குப் பக்கத்தில், கன்னியாகுமரியிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். திருவிதாங்கூரின் தலைநகராக 1795 வரை இருந்த இடம். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது, ஆனால் அரண்மனை இன்னும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. அதனால் விடுமுறையும் அவர்கள் வழக்கப்படி: திங்கட்கிழமை பூட்டியிருக்கும். மதியம் ஒரு மணி நேரம் இடைவேளையும் உண்டு. என் தங்கை கல்யாணத்தின்போது கிழமையைப் பார்க்காமல் இருபது பேரைத் திங்கட்கிழமை அழைத்துக்கொண்டு போனேன். தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியப்பா, இதைப் பார்ப்பதற்காகவே வந்தவர், பூட்டிய கதவுக்கு வெளியே ஓட்டுக்கூரையை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினார். அவர் அதன்பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆகவே உங்கள் மூன்று நாளில் திங்கள் எந்த நாள் என்று முதலில் பாருங்கள்.

உள்ளே நுழைந்ததும் முகப்பு மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். மரத்தில் செதுக்கிய தொண்ணூறு பூக்கள், ஒன்றுபோல் மற்றொன்று இருக்காது. அங்கேயே குதிரைவிளக்கு தொங்கும். மாடியில் மந்திரசாலை. அங்கே தரை கருப்புக் கண்ணாடி போலப் பளபளக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்த தரை என்பார்கள். வெறும் காலோடு நடக்கும்போது அந்தக் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறும். உட்கார்ந்து குனிந்து பார்த்தால் சன்னலின் சட்டம் தரைக்குள் தெரியும்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் அதிக நேரம் நிற்கவேண்டிய இடம் ஊட்டுப்புரை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து உண்ட நீண்ட கூடம், தூண்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருக்கும். ஊறுகாய் போட்டுவைத்த பெரிய பெரிய ஜாடிகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கூடத்தில் நின்றபடி, நாளை நீங்கள் உட்காரப்போகும் பந்தி இப்படியொரு கூடத்தில் வளர்ந்த பந்திதான் என்று சொல்லுங்கள். அரண்மனைப் படிகள் செங்குத்தானவை, நிலைகள் தாழ்வானவை. முட்டிவலி உள்ளவர்கள் மேலே ஏறாமல் கீழேயே இருந்துவிடலாம், முகப்பும் ஊட்டுப்புரையும் பார்த்தாலே பாதி அரண்மனை பார்த்ததற்குச் சமம்.

அங்கிருந்து பக்கத்தில்தான் குமாரகோவில். வேளிமலை முருகன் வள்ளியோடு நிற்கிறார். வள்ளி இந்த மலைப்பெண்தான் என்பது எங்கள் நம்பிக்கை. பங்குனியில் திருக்கல்யாணம் நடக்கும்போது பெண்ணை விடமாட்டோம் என்று குறவர்கள் முருகனோடு சண்டைபோடுகிற குறவர் படுகளம் உண்டு. சண்டை போட்டுக் கடைசியில் கல்யாணத்தில் முடிகிற கதை. குமரியம்மன் கதையைக் கேட்டு முகம் வாடிய பாட்டிகளுக்கு இங்கே வந்ததும் மனம் நிறைந்துவிடும். நேரமிருந்தால் வழியில் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறையைப் பார்க்கலாம். 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர், பிறகு அதே மன்னரின் படைக்குத் தளபதியானவர். கல்லறையில் தமிழும் லத்தீனும் இருக்கும்.

கால் வலுவுள்ளவர்களுக்குத் தனி வண்டி ஏற்பாடு செய்ய முடிந்தால் மேற்கே அனுப்புங்கள். சிதறால் மலையில் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்கள், பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். கல்பாவிய பாதையில் ஏறவேண்டும், மேலே போனால் ரப்பர் தோட்டங்களும் தென்னையும் கண்ணுக்கெட்டும்வரை. மாத்தூர் தொட்டிப்பாலம் பறளியாற்றுக்கு மேலே நூறு அடிக்கு மேல் உயரத்தில் 28 தூண்களில் நிற்கிறது. ஒரு குன்றிலிருந்து அடுத்த குன்றுக்குப் பாசனத் தண்ணீரைக் கொண்டுபோகிற தொட்டி அது, 1966-இல் கட்டியது. ஓரத்திலேயே நடைபாதை உண்டு. தலைசுற்றல் உள்ளவர்கள் கீழே ஆற்றங்கரையில் நின்று பார்க்கலாம், அங்கிருந்துதான் உயரம் நன்றாகத் தெரியும். திற்பரப்பு அருவியில் குழந்தைகள் குளிக்கலாம். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளை மூன்று வாசல் வழியாகத் தரிசிக்க வேண்டும், 22 அடி நீளக் கிடந்த கோலம். நாலு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து 2022-இல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. இந்த நாலையும் ஒரே நாளில் முடிக்க முயலாதீர்கள், இரண்டைப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

புகைப்படக்காரர் கேட்டால் வட்டக்கோட்டையைச் சொல்லுங்கள். கன்னியாகுமரியிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். கருங்கல் மதிலின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, நடுவே காற்றாலைகள்.

ஒரு எச்சரிக்கை, இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் கடல் பார்க்க அழகு, குளிக்க ஆபத்து. காற்றே இல்லாத வெயில் நாளில்கூடத் திடீரென்று பெரிய அலை எழும், கள்ளக்கடல் என்று கடற்கரை மக்கள் சொல்வது அதைத்தான். 2024 மே மாதம் ஒரு திருமணத்துக்காக வந்திருந்த மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் கணபதிபுரம் கடற்கரையில் அலை இழுத்துப்போய் மாண்டார்கள். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள். முட்டமோ சொத்தவிளையோ சங்குத்துறையோ, எங்கே போனாலும் உங்கள் விருந்தாளிகளில் இளைஞர்கள் இடுப்பளவுத் தண்ணீரில்கூட இறங்காமல் பார்த்துக்கொள்ள வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே போகட்டும். முட்டத்துப் பாறைகளில் ஏறி நின்று படமெடுப்பதும் வேண்டாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம்.

முதல் நாள் இரவு அசைவம் வைப்பதாக இருந்தால் மீன் வையுங்கள். விடுதிச் சமையலறையில் மீனைப் பொரித்துக் கொடுத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். நீங்கள் உள்ளூர்ச் சமையல்காரரைக் கொண்டு வைக்கச் சொல்லவேண்டியது குழம்பு. தேங்காயை மல்லி, வற்றல்மிளகாய், மஞ்சளோடு வெண்ணெயாக அரைத்துப் புளி விட்டு மண்சட்டியில் கொதித்த நெய்மீன் குழம்பு. கூடவே நெத்திலி அவியல்: மாங்காய், பச்சைமிளகாய், சின்ன வெங்காயம், சதைத்த தேங்காய் சேர்த்து வற்றவைத்து, மேலே பச்சைத் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும். தொட்டுக்கொள்ள ஆப்பம், இடியாப்பம் இருக்கலாம், ஆனால் நான் மரச்சீனிக் கிழங்கைத்தான் (மரவள்ளியை) சொல்வேன். வேகவைத்து, தேங்காய், சீரகம், மிளகாய் அரைத்துச் சேர்த்து மயக்கியது. கப்பை என்றும் சொல்வோம். திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் பரப்பிய கிழங்கு, பஞ்சகாலங்களில் இந்த மண்ணின் ஏழைகளைக் காப்பாற்றியது. கல்யாண வீட்டில் கிழங்கா என்று உங்கள் சொந்தங்களில் யாராவது கேட்கக்கூடும். ஒரு வாய் மீன்குழம்போடு கொடுத்துப் பாருங்கள்.

இரண்டாம் நாள் காலைக்குப் புட்டும் சிறுபயறும் பப்படமும் மட்டிப்பழமும். நாலையும் சேர்த்துக் கையால் பிசைந்துதான் உண்ணவேண்டும், தனித்தனியாகச் சாப்பிட்டால் அதன் ருசி தெரியாது. மட்டி எங்கள் மலையோரத்துப் பழம், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளம்தான் இருக்கும், தோல் மெல்லியது, உரிக்கும்போதே மணக்கும். இங்கே குழந்தைக்கு முதலில் கொடுக்கிற பழம் அதுதான். மாலையில் கட்டன்சாயாவோ கருப்பட்டிக் காப்பியோ, கூடவே ஏத்தன்பழ (நேந்திரம்பழ) பஜ்ஜி, ரசவடை. பக்கத்தில் பனையேறுகிறவர்கள் இருந்தால் காலையில் இறக்கிய அக்கானி கிடைக்குமா என்று விசாரியுங்கள், பதநீரைத்தான் அப்படிச் சொல்வோம். இந்த மாதத்தில் பனங்கிழங்கும் கிடைக்கும்.

மூன்றாம் நாள் மதியம், முகூர்த்தம் முடிந்தபின், இலை. நாஞ்சில் நாட்டு, அதாவது எங்கள் நாகர்கோவில் பக்கத்து விருந்துக்கு உள்ளூர்த் தவசிப்பிள்ளையைத்தான் (விருந்துச் சமையல்காரரைத்தான்) அமர்த்த வேண்டும். விடுதிக்காரர்கள் வெளிச்சமையலுக்கு ஒத்துக்கொள்வார்களா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் மதியச் சாப்பாட்டை மட்டுமாவது நாகர்கோவிலிலோ சுசீந்திரத்திலோ ஒரு மண்டபத்தில் வைப்பது மேல். நான் அப்படித்தான் செய்வேன்.

முந்தின நாள் இரவு ஆக்குப்புரையில் (சமையல் கொட்டகையில்) காய் நறுக்கும் நேரத்தில் உங்கள் விருந்தாளிகளை ஒரு நடை அழைத்துக் காட்டுங்கள். பெரிய உருளிகள், மலைபோலத் துருவிய தேங்காய், அவியலுக்கு ஒரே நீளத்தில் நறுக்கிய சேனை, தடியங்காய் (பூசணி), முருங்கை, ஏத்தங்காய். தீயல் என்கிற குழம்புக்குத் தேங்காயை வறுக்கிறவர் பக்கத்தில் நின்று பாருங்கள். பொன்னிறத்தில் இறக்கினால் அது வறுத்தரைத்த குழம்பு ஆகிவிடும். இன்னும் கிண்டிக்கொண்டே இருப்பார், காப்பிக்கொட்டை நிறம் வரும், கருகலுக்கு ஒரு நொடி முன்னால் உருளியை இறக்குவார். அந்த ஒரு நொடிதான் தீயல்.

இலை போட்டதும் நுனியில் உப்பு, ஏத்தங்காய் உப்பேரி, சர்க்கரைவரட்டி, இஞ்சிக்கறி, நாரத்தங்காய், பச்சடி, கிச்சடி. அப்புறம் துவட்டல் (பொரியல்), எரிசேரி, ஓலன், அவியல். எங்கள் வீட்டில் அவியலுக்கு மாங்காய், சில வீடுகளில் தயிர், இதில் யார் பக்கமும் சாய வேண்டாம், தவசிப்பிள்ளை கைப்பழக்கத்துக்கு விட்டுவிடுங்கள். முதலில் சோறும் பருப்பும் நெய்யும், அதில் பப்படத்தை நொறுக்கிப் பிசைய வேண்டும். பிறகு சாம்பார், புளிசேரி. பாயசம் வந்ததும் விருந்து முடிந்தது என்று வெளியூர்க்காரர்கள் எழப்பார்ப்பார்கள். எழவிடாதீர்கள், அதற்குப் பிறகும் ரசமும் மோரும் வரும். வீட்டுக்கு வீடு வரிசை சற்று மாறும், ஆனால் பாயசத்தை டம்ளரில் குடிக்கக் கொடுக்கிற வழக்கத்தை மட்டும் ஏற்காதீர்கள். இலையில்தான் விளம்ப வேண்டும். அடைப்பிரதமனோடு மட்டிப்பழத்தைப் பிசைந்தோ, பால்பாயசத்தோடு போளியைப் பிய்த்துப்போட்டோ கையால் வழித்துச் சாப்பிடுவதுதான் முறை. புனே நண்பர்கள் தயங்கினால் ஒவ்வொருவர் பக்கத்திலும் நம் ஊர் ஆள் ஒருவரை உட்காரவையுங்கள். பார்த்துப் பழகிக்கொள்வார்கள்.

இரண்டு விஷயம் முன்பே சொல்லிவிடுவது நல்லது. எல்லாவற்றிலும் தேங்காயெண்ணெய்தான், அந்த மணம் பழக்கமில்லாத பெரியவர்களுக்காகச் சாம்பார், ரசம், ஒரு துவட்டல் இவற்றை நல்லெண்ணெயில் செய்யச் சொல்லலாம். சோறு சிவந்த சம்பா அரிசியாக இருந்தால் சிலருக்குக் கனமாகத் தோன்றும், ஆகவே வெள்ளையரிசிச் சோறும் ஒரு பாத்திரம் இருக்கட்டும்.

ஊருக்குப் போகும்போது கொடுக்கும் பையில் சில்வர் கிண்ணமும் பிளாஸ்டிக் டப்பாவும் வேண்டாம். தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் சிப்ஸ் அரைக்கிலோ, ஒரு கருப்பட்டி, மார்த்தாண்டம் தேன் ஒரு சின்னக் குப்பி, புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரிக் கிராம்பு ஒரு பொட்டலம். கூடவே பத்து முந்திரிக்கொத்து. பெயரைப் பார்த்து முந்திரிப்பருப்பு என்று நினைக்க வேண்டாம். வறுத்துப் பொடித்த சிறுபயறைத் தேங்காயோடு வெல்லப்பாகில் உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்தது. ஒரு வாரம் தாராளமாகக் கெடாமல் இருக்கும், புனேவரை போய்ச்சேரும்.

மட்டிப்பழத்தை மட்டும் பையில் வைத்து அனுப்பாதீர்கள், தோல் மெல்லியது என்பதால் வழியில் நசுங்கிவிடும். பந்திக்கும் காலைப் புட்டுக்கும் வேண்டியதை நாகர்கோவில் வடசேரிச் சந்தையில் கல்யாணத்துக்கு ஐந்தாறு நாள் முன்பே குலையாகச் சொல்லிவையுங்கள், முக்கால் விளைந்த குலையாக வாங்கித் தொங்கவிட்டால் முகூர்த்த நாளுக்குச் சரியாகப் பழுத்துவிடும்.